தூண்டில் முனையும் ஈயக் குண்டும்

“ஆழமறியாமற் காலை விடாதே” என்பது நம் முன்னோர் வாக்கு. ஆற்றிலே காலை வைப்பவனுக்கு மாத்திரமன்றி, வாவியிலே தூண்டில் எறிபவனுக்கும் இவ்வாக்குப் பொருந்தும் என்பதை நாம் நாற்பது வயதைத் தாண்டிய பின்னரே அறிந்துகொண்டோம். அதனை எமக்கு அறிவித்தவர் ஒரு பேராசிரியருமல்லர், புத்தகமுமன்று. மட்டக்களப்பு வாவிக்கரையிலே, முழங்காலளவு நீரில் நின்று தங்கூசியை விரலிற் சுற்றிப் பிடித்திருந்த ஒரு முதியவரே எமக்கு ஆசானாக வாய்த்தார்.

பாடசாலை விடுமுறை நாளொன்றின் பிற்பகல் அது. கல்லடிப் பாலத்துக்குத் தெற்கே, கண்டல் மரங்கள் நிழல் விரித்த ஓரிடத்தில், உயர்தர வகுப்பு மாணவர் மூவரும் எமது மகனும் நாமுமாக ஐவர் கூடியிருந்தோம். கையிலே புதிய தூண்டிற்றடி, சக்கரம், வண்ணம் வண்ணமான மெல்லிரைகள் யாவும் இருந்தன. ஒரு மணி நேரம் எறிந்தோம். அகப்பட்டதெல்லாம் நீர்ப்புல்லும் பாசியுமே. எமக்கு இருபது முழத்துக்கு அப்பால் நின்ற அம்முதியவரோ, அதற்குள் இரண்டு பாரைகளையும் ஒரு செம்பல்லியையும் பறிக்குள் இட்டுவிட்டார்.

எமது தோல்வியைக் கண்டு மனமிரங்கியவர்போல அவர் அருகில் வந்தார். தூண்டிலை வாங்கிக் கையிலே நிறுத்துப் பார்த்தார்.

“சேர், இது எத்தின கிராம் ஈயம்?”

“இருபத்தெட்டு, பெரியவர். பாரம் கூடினால் தூரம் போகும் என்று வாங்கினோம்.”

“தூரம் போகும்தான். ஆனா மீன் தூரத்தில இல்லியே, சேர். இஞ்ச ஒரு பாகத் தண்ணிதான். இந்தப் பாரத்துக்கு இது கல்லு மாதிரிப் போய்ச் சேத்துக்குள்ள பூந்திரும். இரையெண்டா உயிரோட விழுற மாதிரி விழவேணும்.”

இவ்வளவே அவர் கூறியது. இச்சில வார்த்தைகளுக்குள் அடங்கிக் கிடந்த பௌதிகவியலை விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மெல்லிரை என்பது யாது?

மண்புழு, இறால், சிறுமீன் ஆகியவற்றின் உருவில், தொட்டால் துவளும் தன்மையதாகச் செய்யப்படும் செயற்கை இரையையே கடைகளில் ‘சொவ்ற் பிளாஸ்ரிக்’ என்பர். நம் இளைஞர் ‘றப்பர் மீன்’ என்றும் சொல்வதுண்டு. மெய்யாக அது றப்பரன்று. பொலிவைனைல் குளோரைட்டு என்னும் பொருளோடு அதனை இளக்கும் எண்ணெய் போன்றதொரு திரவத்தைக் கலந்து, சூடாக்கி, அச்சில் வார்த்துப் பெறுவதே பெரும்பாலான மெல்லிரை.

மனிதன் தூண்டில் கொண்டு மீன் பிடிக்கத் தொடங்கியமை மிகப் பழைய செய்தி. யப்பானின் ஒக்கினாவாத் தீவிலுள்ள குகையொன்றில், கடற்சங்கின் ஓட்டைத் தேய்த்துச் செய்த தூண்டில்கள் கண்டெடுக்கப்பட்டன. அவை ஏறத்தாழ 23,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என 2016 ஆம் ஆண்டில் ஆய்வாளர் வெளியிட்டனர். அதனோடு ஒப்பிட்டால் மெல்லிரை நேற்றுப் பிறந்த குழந்தை. 1949 ஆம் ஆண்டில், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஒஹையோ மாநிலத்து அக்றன் நகரிலே, நிக் கிறீம் என்பவரும் அவர்தம் மனைவியாரும் தம் வீட்டிலேயே பிளாஸ்ரிக்கைக் காய்ச்சி வார்த்து மண்புழு செய்தனர். நன்னீர் மீனுக்கென எழுந்த அக்கைத்தொழில் பின்னர் கடலோர மீன்பிடிக்கும் பரவி, இன்று உலகின் பல கரைகளிலும், நம் வாவிக்கரையிலும் வந்து சேர்ந்துள்ளது.

இவ்விரையின் சிறப்பு யாதெனில், தனக்கென ஒரு நடையில்லாமையே. மரத்தாலான செயற்கை மீனை இழுத்தால் அது தனக்கு விதித்தபடி ஆடும். மெல்லிரையோ, அதனுட் செருகும் தூண்டிலுக்கும் அதிற் பொருத்தும் பாரத்துக்கும் ஏற்பவே ஆடும். அவற்றுக்கு ஏற்பவே அமிழும். ஒரே இரை, ஒரு பாரத்தோடு இலைபோல மிதந்திறங்கும். வேறொரு பாரத்தோடு கல்லைப்போல வீழும். எனவே, கடையிலே நிறத்தையும் வடிவையும் தெரிவு செய்யுமுன் தூண்டிலையும் ஈயத்தையும் தெரிவு செய்யக் கற்றல் வேண்டும்.

பாரத்தின் கணக்கு

பெரும்பாலானோர் கையாள்வது, கண்ணையடுத்த பகுதியில் ஈயம் வார்த்த தூண்டிலாகும். ‘ஜிக் ஹெட்’ எனக் கடைகளிற் கேட்டுப் பெறலாம். நாம் ஈயத்தலைத் தூண்டில் என்போம். இதன் பொதிகளிற் சிலவற்றில் கிராமும் சிலவற்றில் அவுன்சும் அச்சிடப்பட்டிருக்கும். ஓர் அவுன்சு 28 கிராமுக்குச் சற்று மேல். ஆகவே கால் அவுன்சு 7 கிராம். அரைக்கால் அவுன்சு மூன்றரைக் கிராம். அரை அவுன்சு 14 கிராம் என மனத்திருத்தினாற் போதும்.

இனி ஆக்கிமிடீசை நினைவு கூர்வோம். நீருள் அமிழ்ந்த பொருள், தான் விலக்கிய நீரின் எடையளவுக்குத் தன் எடையை இழக்கும் என்பது அவர் கண்ட உண்மை. ஈயத்தின் அடர்த்தி நீரினதைப் போல 11.3 மடங்கு. ஆதலின் 7 கிராம் ஈயம் கடல்நீருள் ஏறத்தாழ 6.4 கிராமாக நிற்கும், இழப்புச் சிறிதே. மெல்லிரையின் நிலை வேறு. அதன் அடர்த்தி நீரின் அடர்த்தியைவிடச் சற்றே கூடியது. ஆதலால் கையிலே கனக்கும் இரை நீருள்ளே ஏறக்குறைய எடையற்றுப் போகின்றது. இரையை இறக்குவது ஈயமே என்பது இதனாற் பெறப்படும்.

ஆயின், பாரத்தை இரட்டித்தால் இரை இருமடங்கு விரைவில் இறங்குமோ? இறங்காது. நீரின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுவது. இரை அதுவேயாக, பாரத்தை மாத்திரம் இரட்டித்தால் வேகம் ஏறத்தாழ 1.4 மடங்காகும், இருமடங்கு வேகம் வேண்டின் நான்குமடங்கு பாரம் வேண்டும். ஒரு கடைப்படி ஏறியதும் பெரிய மாற்றத்தை எதிர்பார்த்து ஏமாறுவோருக்கு இக்கணக்கு உதவும். நாம் கொண்டு சென்ற 28 கிராம், தேவையான 7 கிராமின் நான்குமடங்கு. ஆகவே எமது இரை இறங்க வேண்டிய வேகத்தைப் போல இருமடங்கு வேகத்திற் சென்று சேற்றினுட் புதைந்தது. முதியவர் கையால் நிறுத்துக் கண்டதை நாம் பென்சிலால் எழுதிக் கண்டோம், அவ்வளவே வேறுபாடு.

வேகத்தை ஏன் இவ்வளவு கருதவேண்டும்? வேட்டை மீன் பெரும்பாலும் இரை இறங்கும்போதே அதனைப் பற்றுகின்றது. அடிபட்ட சிறுமீனும் களைத்த இறாலும் நீருள் மெல்லச் சாய்ந்து இறங்குவன. கொடுவா மறைந்திருந்து அத்தருணத்தையே பார்த்திருக்கும். இறங்கும் நேரம் நீளுந்தோறும் மீனுக்கு வாய்ப்பும் நீளும். ஆகையால், ‘அடியைத் தொடக்கூடிய பாரங்களுள் மிகக் குறைந்ததே தக்கது’ என்பதை முதல் விதியாகக் கொள்க.

எனினும் குறைவுக்கும் ஓர் எல்லையுண்டு. மட்டக்களப்பு வாவியின் பெரும்பகுதி ஆழங் குறைந்தது; நீரோட்டமும் மெதுவானது. ஆனால் மாரியில் மணற்றிட்டு உடைந்து பாலமீன்மடு முகத்துவாரத்தால் நீர் கடலை நோக்கிப் பாயும் காலத்தில், அதே 7 கிராம் ஈயம் அடியைக் காணாமலே அடித்துச் செல்லப்படும். காற்றுப் பலமாயின் தங்கூசி வில்லாக வளைந்து இரையை மேலே இழுக்கும். தங்கூசி தடித்தாலும் தடை கூடும். ஆழம், நீரோட்டம், காற்று, நூலின் பருமன் ஆகிய நான்கையும் நோக்கிய பின்னரே பாரத்தைத் துணிதல் வேண்டும்.

தொடக்கத்தில் பின்வருமாறு கொள்ளலாம். இடுப்பளவுக்குட்பட்ட புல்லடர்ந்த நீருக்கு மூன்றரை முதல் 5 கிராம். ஒரு பாகம், இரண்டு பாக ஆழமும் மெல்லிய ஓட்டமும் உள்ள இடத்துக்கு 7 முதல் 10 கிராம். பாலத்தூண் அருகும் வாய்க்கால் முகமும் போல ஓட்டம் மிக்க இடத்துக்கு 14 கிராம். அலை மோதும் முகத்துவாரத்துக்கும் கடற்கரைக்கும் 20 கிராமும் அதற்கு மேலும். இவை கட்டளைகளல்ல. முதலெறிக்கு ஒரு கைப்பிடி மாத்திரமே.

முதலெறிக்குப் பின் நீரே விடை கூறும். இரை நீரைத் தொட்டதும் “ஒன்று, இரண்டு” என எண்ணத் தொடங்குக. அடியைத் தொட்டவுடன் இறுகி ஓடிய தங்கூசி தளரும். மூன்றுக்கும் ஆறுக்கும் இடையில் தளர்ந்தால் பாரம் பொருத்தம். ஒன்று சொல்லுமுன் தளர்ந்தால் பாரம் கூடுதல். பத்துக்கு மேல் எண்ணியும் தளராவிடின் பாரம் போதாது. அன்றேல் மீன் பற்றிவிட்டது என்றறிக!

கடிக்கிறது, அகப்படவில்லை

மாணவருள் ஒருவன் 7 கிராம் ஈயத்தலையைக் கட்டி எறிந்தான். நான்கு எண்ணுவதற்குள் தடியின் நுனி துடித்தது. வெட்டி இழுத்தான், வெறுமை. மீண்டும் எறிந்தான், மீண்டும் கடி, மீண்டும் வெறுமை. ஐந்து முறை இவ்வாறு நிகழ்ந்தது. இரையின் முதுகிலே பற்களின் தடம் பதிந்திருந்ததே தவிர மீன் அகப்படவில்லை.

முதியவர் இரையைப் பிடித்து, தூண்டில் முனையை விரலால் அமுக்கிக் காட்டினார். “மனே, இரை மொத்தம், தூண்டில் சின்னன். மீன் கடிச்சா இரைதான் வாயில நிறையிது. முனை வெளிய வரக் காணல்ல.”

இங்கே தூண்டிலின் உறுப்புகளை அறிதல் வேண்டும். நூல் கட்டுமிடம் கண், அதிலிருந்து நீள்வது தண்டு, பின்னர் வளைவு, அதன் முடிவில் முனை, முனையினருகே பின்னோக்கி நிற்பது எதிர்முள். தண்டுக்கும் முனைக்கும் இடைப்பட்ட வெளியே தூண்டிலின் வாய். இவ்வாய் இரையின் பருமனைவிட அகன்றிருத்தல் இன்றியமையாதது. மீன் கவ்வும்போது மெல்லிரை நசுங்கி வளைவினுள் ஒதுங்கும்; ஒதுங்கிய பின்னும் முனை மீனின் தாடையைத் தீண்ட வெளி எஞ்சியிருக்க வேண்டும். எஞ்சாவிடின் மீன் பிளாஸ்ரிக்கைக் கடித்துவிட்டுப் போய்விடும்.

தூண்டிலின் எண்முறை புதியவரை மயக்கும். வெறும் எண்களாயின் எண் கூடக்கூடத் தூண்டில் சிறுக்கும். 8 ஆம் எண் 4 ஆம் எண்ணைவிடச் சிறிது. 1 ஐக் கடந்ததும் கணக்குத் தலைகீழாகும். 1/0, 2/0, 3/0 என எழுதப்படுவன எண் கூடக்கூடப் பெருக்கும். அன்றியும், ஒரு நிறுவனத்தாரின் 2/0 இன்னொரு நிறுவனத்தாரின் 3/0 அளவாக இருப்பதும் உண்டு. ஆகவே எண்ணை நம்பி வாங்காது, இரையையும் உடன் கொண்டுசென்று பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குதல் நன்று.

பக்கத்தில் வைத்து எதைப் பார்ப்பது? ஈயம் இரையின் தலையோடு பொருந்தும்படி வைத்தால், வளைவு இரையின் நீளத்தில் மூன்றிலொன்றுக்கும் பாதிக்கும் இடையே முடிதல் வேண்டும். அதற்குப் பின் முழுவதும் வாலின் ஆட்சி. எமது மாணவன் அடுத்து என் செய்தான் எனின், பெட்டியிலிருந்த மிகப் பெரிய 5/0 தூண்டிலை அதே சிற்றிரையினுட் செலுத்தினான். இப்போது முனை நன்கு வெளிவந்தது. ஆனால் இரும்புத் தண்டு வாலுவரை ஓடியதால் வால் அசைய மறுத்துவிட்டது. செத்த குச்சியொன்று நீரினூடே சென்றது. மீன்கள் அதனை ஏறெடுத்தும் பார்த்தில. ‘மிகினும் குறையினும் நோய்’ என்னும் மருத்துவ நெறி தூண்டிலுக்கும் உரியதாயிற்று.

பொதுவாக 7, 8 சென்ரிமீற்றர் இரைக்கு 1/0 அல்லது 2/0; 10 சென்ரிமீற்றருக்கு 3/0 அல்லது 4/0; 12, 13 சென்ரிமீற்றருக்கு 4/0 அல்லது 5/0 என்பன பொருந்திவரும். இரை மெலிந்ததாயின் இவற்றுட் சிறியதையும், மொத்தமாயின் பெரியதையும் கொள்க.

கம்பியின் தடிப்பும் கருதத்தக்கது. மெல்லிய கம்பி எளிதில் ஊடுருவும். ஆனால் பெரும் பாரையொன்று இழுத்தால் நிமிர்ந்துவிடும். தடித்த கம்பி நிமிராது. ஆனால் மெல்லிய தடியால் அதனை மீனின் தாடையுள் ஏற்றுதல் அரிது. தடி மெலிதாயின் தூண்டிலும் மெலிதாகவும், தடி வலிதாயின் தூண்டிலும் வலிதாகவும் இருத்தலே இணக்கம்.

இரையைச் செருகும் முறையிற் கவனம் வேண்டும். இரையைத் தூண்டிலின் அருகே நேராகப் பிடித்து, முனை எங்கே வெளிவர வேண்டுமோ அவ்விடத்தை நகத்தாற் குறித்துக்கொள்க. மூக்கின் நடுவிலே முனையைச் செலுத்தி, உடலின் நடுவழியே கொண்டு சென்று, குறித்த இடத்தில் முதுகுப்புறமாக வெளியே எடுக்க. இரை சிறிது கோணினாலும் நீரிற் சுழலும்; சுழன்றால் மீனும் வராது, தங்கூசியும் முறுக்கேறிச் சிக்காகும்.

கண்டல் வேருக்கும் புல்லுக்கும் நடுவே எறிபவர்க்கு வேறொரு தூண்டில் உண்டு. அதன் தண்டு கண்ணருகே படிபோல மடிந்து, வாய் அகன்றிருக்கும். அதன் முனையை இரையின் உடலுக்குள்ளேயே மறைத்து வைக்கலாம். மீன் கவ்வும்போது மாத்திரம் முனை வெளிப்படும். இதிலே பாரம் தலையில் அன்றித் தண்டின் வயிற்றிற் பொருத்தப்பட்டிருப்பின், இரை தலைகுப்புற வீழாது கிடைநிலையில் ஆடியாடி இறங்கும். வேரிடையே பதுங்கும் செம்பல்லிக்கும் கொடுவாவுக்கும் இது மிக உகந்தது.

முனை கூர்மையா என்பதை அறிய, அதனைப் பெருவிரல் நகத்தின்மேல் மெல்ல இழுத்துப் பார்க்க. கூரியது நகத்திற் பற்றும். மழுங்கியது வழுக்கிச் செல்லும். உவர்நீரிற் பயன்படுத்திய தூண்டிலை நன்னீரிற் கழுவி உலர்த்தாது பெட்டியில் இட்டால், ஈரம் ஒன்றிலிருந்து பலவற்றுக்கும் பரவிப் பெட்டி முழுவதும் துருவேறும். இரண்டே நிமிட வேலையால் ஒரு மாதச் செலவைத் தவிர்க்கலாம்.

உயிரோடு விடுதல்

பொருத்தமான 2/0 தூண்டில் கட்டப்பட்ட பின் வந்த முதல் மீன், ஒரு சாணும் நாலு விரலும் நீளமான கொடுவாக் குஞ்சு. மாணவன் மகிழ்ச்சி மிகுதியால் அதனைப் பறிக்குள் இடப்போனான். “விட்டிரு மனே, அது இன்னும் வளரோணும்” என்றார் முதியவர்.

அவர் சொல்லுக்கு உயிரியலும் துணை நிற்கின்றது. கொடுவா ஒரு வியத்தகு மீன். பெரும்பாலானவை முதலில் ஆணாக முதிர்ந்து, பல ஆண்டுகள் கழித்து, பெருத்த பின்னரே பெண்ணாக மாறுகின்றன. அம்மாற்றம் பொதுவாக 80 சென்ரிமீற்றரையும் கடந்த பருவத்தில் நிகழும். குஞ்சுகளையே பிடித்து வந்தால் முட்டையிடும் தாய் மீன் எங்கிருந்து வரும்?

விடப்படும் மீன் பிழைப்பதும் தூண்டிலின் தெரிவிலேயே தங்கியுள்ளது. தாடையிற் குத்திய முனையை நொடியில் எடுக்கலாம். இரைக்கு மிகச் சிறிதான தூண்டிலோ தொண்டைக்குள் இறங்கிவிடக் கூடும். அவ்வாறு ஆழ விழுங்கிய தூண்டிலைப் பிடுங்க முயன்றால் செவுளும் குடலும் கிழியும். நூலை வாயருகே வெட்டி விடுதலே மீனுக்கு நன்மை. எதிர்முள்ளைக் குறட்டினால் அமுக்கிவிட்டால் தூண்டில் இன்னும் எளிதிற் கழலும். நூலைத் தளரவிடாது இழுப்பவனுக்கு இதனால் மீன் இழப்பு அதிகமில்லை. மீனைத் தொடுமுன் கையை நனைத்துக்கொள்வதும், நீருக்கு வெளியே வைத்திருக்கும் நேரத்தைச் சுருக்குவதும் அறமாகும். உணவுக்கென உயிர் கொள்வது ஒன்று. தேவையின்றி வதைப்பது வேறொன்று.

அமுக்கிய எதிர்முள் மனிதருக்கும் காப்பு. தூண்டில் விரலிலே பாய்ந்து எதிர்முள்ளும் உள்ளே சென்றுவிட்டால், இழுத்துப் பார்த்துக் காலம் போக்காது வைத்தியசாலைக்குச் செல்க. ஏற்புவலித் தடுப்பூசி பற்றியும் வைத்தியரிடம் கேட்டறிக. கண்ணருகே குத்திய தூண்டிலை ஒருபோதும் தாமே தீண்டலாகாது. எறியுமுன் பின்னால் நிற்பவரைத் திரும்பிப் பார்த்தல், மூக்குக்கண்ணாடியொன்று அணிதல் ஆகிய இரண்டும் பழக்கமாக வேண்டும்.

அடுப்படியில் ஒரு பாடம்

இதுவரை கூறியன மீனைப் பற்றியவை. இனிக் கூறப்போவது நம் பிள்ளைகளைப் பற்றியது. பெற்றோர் இதனை ஊன்றி வாசிக்க வேண்டுகிறோம்.

ஈயத்தலைத் தூண்டில்கள் கல்லிடையே சிக்கி அறுந்து போவன. வாங்கி மாளவில்லை. ‘நாமே வார்த்தால் என்ன?’ என்று எமக்குத் தோன்றிற்று. வீச்சுவலையின் பழைய ஈயமணிகளைச் சேகரித்தோம். சமையலறை அடுப்பிலே ஓர் இரும்புச் சட்டியை ஏற்றினோம். ஈயம் 327 பாகை செல்சியசில் உருகும். விறகடுப்புக்கு அது பெரிய காரியமன்று. வெள்ளி போல மினுங்கி உருகியதைப் பார்க்க எமது மகன் அருகில் வந்து நின்றான். பௌதிகப் பாடம் நடத்தும் பெருமிதத்தோடு நாம் மேலும் ஒரு கைப்பிடி மணிகளைச் சட்டியில் இட்டோம்.

அம்மணிகளின் துளைகளுள்ளே வாவியின் ஈரம் எஞ்சியிருந்தது. அடுத்த கணம் வெடியோசை போன்றதொரு சத்தம். உருகிய ஈயத்தினுள் அகப்பட்ட நீர் நொடியில் ஆவியாகி விரிந்து, ஈயத்தை நாற்புறமும் சிதறடித்தது. சில துளிகள் எமது முன்கையிற் பட்டன. தழும்பு இன்றும் உண்டு. சுவரிலே பிள்ளையின் முகத்துக்கு நேரான உயரத்தில், கைப்பிடியளவு ஈயம் அப்பிக் கிடந்தது. அவன் அப்போதுதான் தண்ணீர் குடிக்கவென இரண்டடி விலகியிருந்தான். அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. வகுப்பிலே நீராவியின் விரிவைப் பல ஆண்டுகளாகக் கற்பித்தவர் நாமே!

எமது கைக்கு மருந்திட்ட வைத்திய நண்பர் இன்னொன்றையும் எடுத்துரைத்தார். வெடித்த ஈயம் கண்ணுக்குத் தெரிந்த ஆபத்து. தெரியாத ஆபத்து அதனினும் பெரிது. உருகிய ஈயத்தின்மேற் படரும் சாம்பல் நிற ஆடை நுண்துகளாகிக் கையிலும் உடையிலும் பாத்திரங்களிலும் படியும். அது உணவோடு வயிற்றினுள் சேரும். வளர்ந்தோரைவிடச் சிறுவரின் உடல் ஈயத்தை மிகுதியாக உறிஞ்சிக்கொள்ளும். வளரும் மூளையை அது தாக்கிக் கற்கும் ஆற்றலையும் கவனத்தையும் குன்றச் செய்யும். கருவுற்ற தாயின் உடலிலிருந்து சிசுவுக்கும் அது செல்லும். இன்ன அளவுவரை ஈயத்தால் தீங்கில்லை என்று கூறத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கூற்று.

இதனைக் கேட்டபின் நாம் கரையிற் கண்ட காட்சியொன்று நெஞ்சை உறுத்தியது. நூலிலே சிறு ஈயமணியைக் கோத்து, அதனைப் பல்லாற் கடித்து நசுக்கி இறுக்குவது நம் சிறுவரின் வழக்கம். பின்னர் கழுவாத கையாலே பாணும் உண்பர். நாமும் சிறுவயதில் அதனையே செய்தோம். யாரும் தடுக்கவில்லை, யாருக்கும் தெரிந்திருக்கவுமில்லை. தெரிந்தபின் வாளாவிருத்தல் ஆசிரியனுக்கு அழகன்று.

ஈயம் நீர்வாழ் பறவைக்கும் நஞ்சு. இங்கிலாந்தில் ஆற்று அன்னங்கள், அறுந்து கிடந்த ஈயமணிகளைச் சிறுகற்களோடு விழுங்கி மடிந்தன. அதனால் 1987 ஆம் ஆண்டில் அந்நாட்டில் 28 கிராம் வரையிலான பெரும்பாலான ஈயத் தூண்டிற் பாரங்களின் விற்பனை தடைசெய்யப்பட்டது.

மாற்று வழிகள் உண்டு. தங்குதன் என்னும் உலோகத்தாலான பாரங்கள் விற்பனைக்கு வருகின்றன. மின்குமிழின் இழையாக நாம் அறிந்த அவ்வுலோகத்தின் அடர்த்தி நீரினதைப் போல 19 மடங்கு. ஆகவே ஒரே எடையுள்ள தங்குதன் குண்டு, ஈயக் குண்டின் பருமனில் ஆறுபங்களவே இருக்கும், பத்துப்பங்குக்கு. சிறியதாதலின் தூரம் பறக்கும், தடையும் குறையும். ஆனால் விலை மிகுதி. உருக்குப் பாரங்கள் மலிவானவை. சற்றுப் பருத்திருக்கும், துருவும் ஏறும். ஈயத்தையே கையாள நேரின், வார்த்து விற்கப்படுவதை வாங்குக, வீட்டில் உருக்கற்க. குறட்டினால் நசுக்குக, பல்லைத் தொடவிடற்க. உண்ணுமுன் சவர்க்காரமிட்டுக் கை கழுவுக. சிறு குழந்தைகளுக்கு எட்டாத இடத்திற் பெட்டியை வைக்க.

கிழிந்த மெல்லிரையை வாவிக்குள் எறிவதும் தகாது. அது மக்கிப் போகும் பொருளன்று; மீன் விழுங்கினாற் குடலிலே தங்கிவிடும். வெறும் சோடாப் போத்தலொன்றைக் கொண்டுசென்று, அறுந்த நூலையும் கிழிந்த இரையையும் அதனுள் இட்டு வீட்டுக்கு எடுத்து வருதல் எமது மாணவரிடையே இப்போது வழக்கமாகியுள்ளது.

வீட்டிலே ஒரு சோதனை

மாணவர் விடுமுறையில் செய்து பார்க்க ஒரு சிறு சோதனை கூறி முடிக்கின்றோம். குடிநீருக்குப் பயன்படாத ஆழமான பீப்பாயொன்றை நீரால் நிரப்புக. ஒரே இரையை, தங்குதன் அல்லது உருக்குப் பாரம் மூன்றோடு, ஒன்றன்பின் ஒன்றாக விட்டு, அடியைத் தொட எடுக்கும் நேரத்தைக் கைத்தொலைபேசியின் நிறுத்தற் கடிகாரத்தால் அளக்க. ஒவ்வொன்றையும் பத்துமுறை அளந்து சராசரி காண்க. பாரத்தையும் நேரத்தையும் அட்டவணையிட்டால், நாம் மேலே சொன்ன வர்க்கக் கணக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பது தெரியவரும். பிறகு நீரிலே உப்பைக் கரைத்து மீண்டும் அளக்க. இரையின் வால் எப்பாரத்தோடு நன்றாக ஆடுகிறது என்பதையும் குறித்துக்கொள்க. அக்கொப்பியைக் கரைக்குக் கொண்டு செல்பவன் கடைக்காரர் சொல்லைக் கேட்டு மயங்கான்.

எமது மகன் இச்சோதனையைச் செய்து, இரைப் பெட்டியின் மூடியிலே தன் கையெழுத்தில் அட்டவணை ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறான். அதன் அடியில், நாம் சொல்லாமலே, சிவப்பு மையில் ஒரு வரி எழுதியுள்ளான்: “ஈயம் தொட்டால் கை கழுவவும்.”

அண்மையில் அம்முதியவரை மீண்டும் கரையிலே சந்தித்தோம். அவருடைய பேரன், பல்லால் ஈயமணியைக் கடிக்கப்போன வேளையில், எமது மகன் தன் சட்டைப்பையிலிருந்து சிறு குறடொன்றை எடுத்து நீட்டினான். முதியவர் எம்மைப் பார்த்து, “அதென்ன சேர்?” என்று கேட்டார். அன்று அவர் எமக்குக் கற்பித்தார்; இன்று நாம் அவருக்குச் சொல்ல ஒன்று இருந்தது. கண்டல் நிழலில் அமர்ந்து சொன்னோம். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, பேரனின் கையிலிருந்த மணியை வாங்கி, குறட்டினால் தாமே இறுக்கிக் கொடுத்தார்.